தண்ணீருக்குப் பதில் எனர்ஜி டிரிங்கில் பவுடர் கலக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 23 வயது, 68 கிலோ எடை. திண்டுக்கல் பக்கம் ஊர். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறேன். காலையில் கிரவுண்டில் ஓட்டம், சாயங்காலம் ஜிம், ராத்திரி எழுத்துத் தேர்வுக்குப் படிப்பு. ஜிம்முக்குப் போகும் முன் ப்ரீ ஒர்க்அவுட் பவுடர் ஒரு ஸ்கூப் எடுக்கிறேன். அதைத் தண்ணீரில் கலந்தால் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று 20 ரூபாய் எனர்ஜி டிரிங்கில் கலந்து குடிக்கிறேன். ராத்திரி 10 மணிக்குப் படிக்கும்போது இன்னொரு பாட்டில். தொப்பை குறைய ஃபேட் பர்னர் கேப்சூல், காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. முடி கொட்டுவதால் பயோட்டின் மாத்திரை. வீட்டில் ஃபில்டர் காபி இரண்டு வேளை.

ஒன்றரை மாதமாக நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். பவுடர் குடித்த கொஞ்ச நேரத்தில் முகம், காது எல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. வயிற்றெரிச்சல் உண்டு. படுத்தால் தூக்கம் வருவதில்லை. சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகிறது. பயந்துபோய் லேபில் ரத்தம் கொடுத்தேன், கிரியேட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது. கிட்னி போய்விட்டதா? டிரெய்னர், "பாடி பழகிக்கும், விடு" என்கிறார். எனர்ஜி டிரிங்க் லேபிளிலேயே ஒரு நாளைக்கு 500 மில்லி வரை குடிக்கலாம் என்று போட்டிருக்கிறதே, நான் அதைத் தாண்டவில்லையே? நிறுத்தினால் ஓட்டத்தில் வேகம் குறையுமா? சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, பனிக்காலத்தில் டெரிஃபிலின் போடுவேன், மற்றபடி வேறு பிரச்சினை எதுவும் இல்லை. என் தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். நான் குடிப்பதைப் பார்த்து அவனும் கேட்கிறான், கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள தம்பி, டப்பா, பாட்டில், கேப்சூல் மூன்றின் லேபிளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அது பாதி வேலையைக் குறைத்துவிட்டது. "ஜிம் பவுடர் எடுக்கிறேன், ஏதாவது ஆகுமா?" என்று ஒற்றை வரியில் கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

"மற்றபடி வேறு பிரச்சினை எதுவும் இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வீசிங் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மருந்தகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். டெரிஃபிலினில் இருப்பது எட்டோஃபிலினும் தியோஃபிலினும். தியோஃபிலினும் காஃபினும் ஒரே குடும்பம். எவ்வளவு நெருக்கம் என்றால், நீங்கள் குடிக்கிற காஃபினில் ஒரு சிறு பகுதியை உங்கள் கல்லீரலே தியோஃபிலினாக மாற்றுகிறது. இரண்டையும் உடைத்து வெளியேற்றுவதும் கல்லீரலில் உள்ள ஒரே நொதிதான். காஃபின் நிறைய வந்து சேர்ந்தால் தியோஃபிலின் வெளியேறுவது தாமதமாகும், ரத்தத்தில் அதன் அளவு ஏறும்.

பாரசிட்டமால் மாதிரி கொஞ்சம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்கிற மருந்து இல்லை தியோஃபிலின். வேலை செய்கிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. அளவு மிஞ்சினால் முதலில் குமட்டல், வாந்தி, படபடப்பு. அதற்கும் மேலே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்புகூட வரலாம். இன்ஹேலரில் வரும் சால்பியூட்டமாலுக்கும் கை நடுக்கம், வேகமான துடிப்பு இரண்டும் உண்டு. அது ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் இறக்கும், அதிகக் காஃபினும் அதே வேலையைச் செய்யும். இந்தப் பனிக்காலத்தில் மாத்திரை போட்ட நாட்களில் படபடப்பு கூடுதலாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீசிங் வந்தால் மருந்து வேண்டும். நிறுத்த வேண்டியது மற்றதை. ஆனால் மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய், பழைய சீட்டைக் காட்டி, இன்னும் இந்த மாத்திரைதான் தேவையா, இன்ஹேலர் போதுமா என்று கேளுங்கள். பழைய அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பது நம் ஊர் வழக்கம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு என்றால் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்களே சிப்ரோஃபிளாக்சசின், அது அந்தக் கல்லீரல் நொதியையே மந்தமாக்கும். காஃபின், தியோஃபிலின் இரண்டும் உடம்பில் தேங்கும். மூன்றும் ஒரே வாரத்தில் ஒருவர் உடம்பில் சேர்வது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

சரி, இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம்.

500 மில்லியைத் தாண்டவில்லை என்கிறீர்கள். அது உண்மைதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இப்படிப்பட்ட பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் இருக்கக் கூடாது. ஆக 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75 மி.கி.; இரண்டு பாட்டிலுக்கு 150. அந்தக் கணக்கில் நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனால் பாட்டிலில் எழுதிய எல்லை அந்தப் பாட்டிலுக்கு மட்டும்தான். அதில் நீங்கள் ஒரு ஸ்கூப் பவுடரைக் கொட்டுவீர்கள் என்பது அதைத் தயாரித்தவருக்குத் தெரியாது. பவுடர் தயாரித்தவர் தண்ணீரில் கலக்கச் சொன்னார்; நீங்கள் காஃபினில் கலக்கினீர்கள். கேப்சூல் கம்பெனிக்கோ உங்கள் வீட்டு டிகாக்‌ஷன் பற்றி ஒன்றும் தெரியாது. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒழுங்காக இருக்கிறார்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கூட்டுவோம். உங்கள் பவுடர் டப்பாவில் ஒரு ஸ்கூப்புக்கு 'கேஃபைன் அன்ஹைட்ரஸ்' 200 மி.கி. என்று தெளிவாக இருக்கிறது. இரண்டு பாட்டில் 150. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், வடித்தெடுத்த காபி 150 மில்லி கோப்பைக்கு 80 முதல் 120 மி.கி. காஃபின் என்று கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அம்மா போடும் டிகாக்‌ஷன் எவ்வளவு திக்கு என்று எனக்குத் தெரியாது. குறைந்தபட்சமாக 80 என்றே வைத்தாலும் இரண்டுக்கு 160. மொத்தம் 510. அதே வழிகாட்டி ஒரு நாளைக்கு 300 மி.கி. போதும் என்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 வரை, ஒரே தடவையில் 200 வரை. நீங்கள் தாராளமான அந்த எல்லையையே தாண்டிவிட்டீர்கள், இன்னும் கேப்சூலைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கேப்சூலைச் சேர்க்கலாம் என்றால் சேர்க்க எண் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தை இரண்டு மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். 'தெர்மோ பிளெண்ட் 600 மி.கி.' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், கிரீன் காபி, குரானா, பிட்டர் ஆரஞ்ச் என்று நான்கு பெயர். எது எவ்வளவு என்று இல்லை. இதில் முதல் மூன்றிலுமே காஃபின் உண்டு. குரானா என்பது அமேசான் காட்டுப் பக்கத்துக் கொடி ஒன்றின் விதை. காபிக்கொட்டையைவிட அதில் காஃபின் அதிகம். நான்காவதில் சினெஃப்ரின் இருக்கும், அது எஃபெட்ரினுக்கு உறவுக்காரன், துடிப்பையும் பிரஷரையும் ஏற்றக்கூடியது. லேபிளின் மேல்பக்கம் பச்சை இலை படம் போட்டு '100% நேச்சுரல்' என்று இருக்கிறது. நேச்சுரல்தான், மறுக்கவில்லை. ஊமத்தங்காயும் நேச்சுரல்தான்.

எஃபெட்ரின் என்றதும் ஒரு பழைய கதை. அது இருக்கும் எஃபெட்ரா என்ற செடியின் சாற்றையும் காஃபினையும் சேர்த்து எடை குறைக்கும் மாத்திரை என்று அமெரிக்காவில் விற்றார்கள். மாரடைப்பு, பக்கவாதம், சாவு என்று புகார்கள் குவிந்த பிறகு 2004இல் எஃபெட்ரா கலந்த சத்துப்பொருட்களை அந்த நாட்டு மருந்து ஆணையம் தடை செய்தது. அந்த இடத்துக்கு டிஎம்ஏஏ என்ற இன்னொரு ஊக்கப்பொருள் ப்ரீ ஒர்க்அவுட் பவுடர்களில் வந்தது. அதற்கும் அதே ஆணையம் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று முளைக்கிறது. அதனால் எண் போடாத 'பிளெண்ட்' எதையும், லேபிளே இல்லாமல் ஜிப் கவரில் கட்டிக் கொடுக்கும் பவுடரையும் தொடாதீர்கள். லேபிளை மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2024இல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஏழில், லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை.

இனி உங்கள் தொந்தரவுகளுக்கு வருகிறேன். எல்லாம் ஒரே காரணத்தால் இல்லை. எது அலட்சியப்படுத்தக்கூடியது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முகத்திலும் காதிலும் ஊசி குத்துவதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். ஆனால் இருப்பதிலேயே ஆபத்து குறைந்தது அதுதான். பவுடரில் பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, உங்கள் டப்பாவில் ஸ்கூப்புக்கு 3.2 கிராம். அது தோலுக்கடியில் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டும். குடித்து கால் மணி, இருபது நிமிடத்தில் தொடங்கி, ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு மறைந்துவிடும். பவுடர் 'வேலை செய்கிறது' என்பதற்கு இதுதான் அடையாளம் என்று ஜிம்மில் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஆனால் கால் விரல்களில் மரத்துப்போகிற உணர்வு, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எப்போதும் இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். வைட்டமின் பி6 பல மாதங்கள் அதிகமாக உள்ளே போனால் நரம்புகளே பழுதாகும். எனர்ஜி டிரிங்குகள் பலவற்றில் பி6 உண்டு, பவுடரில் உண்டு, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் உண்டு. ஐரோப்பாவில் 2023இல் இதற்கான உச்ச அளவை நாளுக்கு 12 மி.கி. என்று குறைத்துவிட்டார்கள். 'வைட்டமின்தானே, மிச்சம் சிறுநீரில் போய்விடும்' என்ற பேச்சு பி6 விஷயத்தில் செல்லாது.

சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போவது பி2, அதாவது ரைபோஃபிளேவின். அதன் நிறமே அதுதான். கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டிய நிறம் கடுந்தேயிலை நிறம். அப்படிப் போனால், கூடவே கண்ணில் மஞ்சள், உடம்பில் அரிப்பு, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல் இருந்தால், கல்லீரலைப் பார்க்க வேண்டும். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கல்லீரலைக் கெடுத்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அதில் உள்ள இஜிசிஜி என்ற பொருள், சத்து மாத்திரை வடிவில் ஒரு நாளைக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய ஆணையம் 2018இல் சொன்னது. டீயாகக் குடிப்பதில் இந்தப் பயம் இல்லை. சாறெடுத்து அடர்த்தியாக்கிக் கேப்சூலில் அடைப்பதில்தான். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு அதை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நீங்கள் காலையில் சரியாக அப்படித்தான் போடுகிறீர்கள். அதே கடுந்தேயிலை நிறம், உடம்பை முறித்து ஓடிய மறுநாள் தாங்க முடியாத தசைவலியோடு வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது.

வயிற்றெரிச்சலுக்கு விளக்கம் பெரிதாக வேண்டாம். காஃபின் அமிலச் சுரப்பைக் கூட்டும், உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்தும். அதன்மேல் புளிப்பான கேஸ் பானம், அதுவும் சாப்பிடாத வயிற்றில். எரியாமல் என்ன செய்யும்?

கிரியேட்டினின் 1.4 பற்றி. கிட்னி போய்விட்டது என்று இந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் பவுடரில் கிரியேட்டின் 3 கிராம் இருக்கிறது. கிரியேட்டின் உடைந்தால் வருவதே கிரியேட்டினின், சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு அது. அதைத் தனியாக வாயில் போட்டுக்கொண்டு, தசையும் கூடி, முந்தின நாள் கனமாக உடற்பயிற்சி செய்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தால், நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் எண் கொஞ்சம் ஏறித்தான் வரும். அதற்காக 'ஒன்றுமில்லை' என்று மடித்து வைத்துவிடவும் கூடாது. பவுடரை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் கழித்து, முந்தின இரண்டு நாள் கனமான பயிற்சி இல்லாமல் திரும்பக் கொடுங்கள். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிஸ்டாட்டின் சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அது கிரியேட்டினால் ஏமாறாது.

பரிசோதனை ஏமாறுவது என்றதும் பயோட்டின் ஞாபகம் வருகிறது. இதை அனேகமாக யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் போடுவது 10 மி.கி. மாத்திரை. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது மைக்ரோகிராம் கணக்கில்தான். இது அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. முடிக்கு இதனால் பலன் உண்டா என்பது பெரும்பாலோர் விஷயத்தில் சந்தேகமே. ஆனால் லேபில் பயன்படுத்தும் பல கருவிகள் பயோட்டினை வைத்தே வேலை செய்கின்றன. ரத்தத்தில் அது மிதந்துகொண்டிருந்தால் முடிவு தப்பாக வரும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று நீங்கள் மருத்துவரிடம் போனால், அவர் முதலில் எழுதுவது தைராய்டு டெஸ்ட். பயோட்டின் குறுக்கிட்டால், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டக்கூடும். அறிகுறியும் பொருந்துகிறது, ரிப்போர்ட்டும் பொருந்துகிறது, இல்லாத வியாதிக்கு மாத்திரை தொடங்கிவிடுவார்கள். அதைவிட மோசம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையில் சில கருவிகளில் உண்மையான மாரடைப்பே தெரியாமல் போகலாம். அமெரிக்க ஆணையம் 2017இல் இதைப் பற்றி மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விட்டது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லுங்கள்.

இனி படபடப்பு. டிரெய்னர் சொன்னதில் பாதி உண்மை: காஃபினுக்கு உடம்பு பழகும். நடுக்கம், பிரஷர் ஏறுவது எல்லாம் சில நாட்களில் மட்டுப்படும். அதனால்தான் ஒரு ஸ்கூப் எடுப்பவர்கள் இரண்டுக்குப் போகிறார்கள். ஆனால் உங்களுக்கு ஒன்றரை மாதமாகியும் பழகவில்லை. பழகாத படபடப்பை டிரெய்னரிடம் கேட்கக் கூடாது, ஈசிஜி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எனர்ஜி டிரிங்கை வைத்து 2019இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான 34 இளைஞர்களுக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கக் கொடுத்து, நான்கு மணி நேரம் ஈசிஜி எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டிருந்தது, பிரஷரும் ஏறியிருந்தது. பெரும்பாலோருக்கு அந்த அளவு நீட்டிப்பால் ஒன்றும் ஆகாது. பிறவியிலேயே அந்த நேரம் நீண்டிருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. உங்கள் குடும்பத்தில் இள வயதில் திடீரென்று யாராவது இறந்திருந்தால், ஓடும்போது உங்களுக்கு எப்போதாவது மயக்கம் வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஆணையம் சொன்ன அந்த ஒரு தடவைக்கு 200 மி.கி. என்ற அளவில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. கடுமையான உடற்பயிற்சிக்கு முந்தின இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தாலும் அந்த அளவு பிரச்சினையில்லை என்கிறார்கள், ஆனால் 'சாதாரணச் சூழலில்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறார்கள். புழுக்கமான, தகர ஷெட் போட்ட, ஏசி இல்லாத ஜிம் சாதாரணச் சூழலில் சேராது. அங்கே நீங்கள் ஒரே மூச்சில் 275 மி.கி. குடித்துவிட்டுப் பளு தூக்குகிறீர்கள், கேப்சூல் தனி.

தூக்கத்துக்கும் அந்த 275தான் காரணம். காஃபினில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகவே பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. அதன்மேல் இன்னொரு பாட்டில். பதினொரு மணிக்கு உங்கள் ரத்தத்தில் 200 மி.கி. சுற்றிக்கொண்டிருக்கிறது, நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தூக்கம் வரவில்லையே என்று புரள்கிறீர்கள். காஃபின் உடம்புக்குச் சக்தி கொடுப்பதில்லை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற பொருளின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு எங்கேயும் போவதில்லை, மறுநாள் கிரவுண்டில் காத்திருக்கிறது. அதற்கு மருந்தாக மறுபடி காபி, மறுபடி கேப்சூல்.

ஓட்டத்தில் வேகம் குறையுமா என்று கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். காஃபின் ஓட்டத்துக்கு உதவும், அதில் பொய் இல்லை. ஒலிம்பிக் வீரர்களும் எடுக்கிறார்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2004இலேயே அதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அதற்கு இவ்வளவு வேண்டியதில்லை, ஓட்டத்துக்கு முக்கால் மணி முன்பு ஒரு நல்ல காபி குடித்தாலே ஓரளவு உதவும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க உங்களுக்கு வேண்டியது பயிற்சியும் தூக்கமும். ஃபேட் பர்னர் போட்டுக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரைக் குடிப்பதில் என்ன லாபம் என்று நீங்களே யோசியுங்கள். பாட்டிலின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று இருக்கிறது.

எப்படி நிறுத்துவது? ஃபேட் பர்னரும் பவுடரும் இன்றோடு சரி. மிச்சம் இருக்கிறதே, காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று பார்க்காதீர்கள். இரவு பாட்டிலை இரண்டு மூன்று நாள் பாதியாக்கி, பிறகு விட்டுவிடுங்கள். சாயங்காலப் பாட்டில் பவுடர் இல்லாமல் ஒரு வாரம் போகட்டும், அப்புறம் அதுவும் வேண்டாம். காபி இரண்டும் இருக்கட்டும், இரண்டாவது மதியம் இரண்டு மணிக்குள். இவ்வளவு காஃபின் எடுத்துப் பழகிய உடம்பில் திடீரென்று குறைத்தால், ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சம். எரிச்சல், சோம்பல் எல்லாம் ஒரு வாரம் போல இழுக்கும். அதனால் உடல் தகுதித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள், தேர்வன்று தலைவலியோடுதான் ஓட வேண்டியிருக்கும். இப்போதே தொடங்கினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அந்தத் தலைவலிக்கு மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சில தலைவலி மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் காஃபின் இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டப்பா, பாட்டில், கேப்சூல், பயோட்டின், டெரிஃபிலின் அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டுங்கள். "வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள், சத்துப்பொடியை யாரும் மாத்திரையில் சேர்ப்பதில்லை. இதயத்துக்கு ஈசிஜி, பிறகு பிரஷர், பொட்டாசியம், கல்லீரல் நொதிகள், பயோட்டினை நிறுத்திய பின் தைராய்டு. அதற்கிடையில் நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், நிற்காத வாந்தி, அரை மணி உட்கார்ந்த பிறகும் அடங்காத துடிப்பு, இதில் ஏதாவது ஒன்று வந்தால் 108. ஜிம் பவுடரால் தொந்தரவு என்று தோன்றினால் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசிய திட்டத்தின் இலவச எண் 1800-180-3024க்கும் சொல்லலாம். நீங்களே அழைத்துச் சொல்லலாம், மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை.

தம்பிக்கு வேண்டாம். பாட்டிலில் இருக்கிற பொடி எழுத்திலேயே குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல என்று இருக்கிறது. லிதுவேனியா 2014இலேயே 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு விற்கத் தடை போட்டது, போலந்து 2024 ஜனவரியிலிருந்து. வளரும் பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 3 மி.கி. என்பதுதான் ஐரோப்பாவில் சொல்லும் எல்லை. தம்பி 45 கிலோ என்றால் நாள் முழுவதற்கும் 135, காலை காபியோடு அதில் முக்கால்வாசி போய்விடும். பவுடர் டப்பாவையும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவனுக்கும் வீசிங் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.